பயனடைந்தவர்கள்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அச்சில் வந்த எதையும் கதையாகப் படிக்க ஆரம்பித்துவிடுவான். ரயில்வே கால அட்டவணையிலும் அவனுக்கு ஒரு வில்லன் அகப்படுவான். சில நாட்களாக என் மேஜைமேல் இருப்பது அதைவிட வறண்ட சரக்கு. நெய்வேலி நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளில் 'சமூகப் பொறுப்பு' என்ற தலைப்பில் வரும் பக்கங்களும், அந்தப் பக்கங்களைப் பிறப்பித்த சட்டமும், சட்டத்துக்கு எழுதப்பட்ட விதிகளுமாக ஒரு கட்டு. நிறுவனத்துக்கு 1956-ல் வைத்த பெயர் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன். 2016 முதல் என்.எல்.சி. இந்தியா. இரண்டு பெயரையும் அந்தப் பக்கத்தில் யாரும் முழுசாகச் சொல்வதில்லை. 'எண்ணெல்சி' என்றால் போதும், குழந்தைக்கும் புரியும்.

கம்பெனி அறிக்கைக்கு இலக்கிய விமர்சனமா என்று சிலர் முகத்தைச் சுளிக்கலாம். எழுதலாம் என்பது என் கட்சி. ஒரு கதையைப் பார்த்து நாம் கேட்கிற கேள்விகளை இதைப் பார்த்தும் கேட்கலாம். யார் கதை இது? சொல்கிறவன் யார்? பேச வாய் பெற்ற பாத்திரங்கள் எவை, வாய் இல்லாமல் கூட்டத்தில் நிற்பவை எவை? கதையில் அசட்டையாக எழுதினால் ஒரு வாசகனுக்கு இரண்டு மணி நேரம் நஷ்டம். இங்கே அசட்டையாக எழுதினால் ஒரு ஊருக்கு ஒரு ஏரி நஷ்டமாகலாம்.

இந்தப் பக்கங்கள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. செய்திக் குறிப்பாகத் தமிழுக்கு வரும்போதும் நடை மாறுவதில்லை. வகுப்பறை கட்டப்பட்டது. குடிநீர்த் தொட்டி அமைக்கப்பட்டது. மருத்துவ முகாம் நடத்தப்பட்டது. வாய்க்கால் தூர்வாரப்பட்டது. எல்லாம் செயப்பாட்டு வினை. தமிழுக்கு அந்த வினை அவ்வளவாக ஒட்டுவதில்லை. நம் பாட்டிமார் ஒருவரும் 'சோறு பரிமாறப்பட்டது' என்று சொன்னதில்லை. செய்தவனை மறைப்பதற்கோ, அல்லது அவனைப் பெயர் சொல்லக் கூடாத தெய்வத்தின் ஸ்தானத்தில் வைப்பதற்கோதான் அது உதவும். இத்தனை 'பட்டது'களுக்கும் நடுவே கிராமத்து ஜனங்களுக்கென்று ஒரே ஒரு செய்வினை ஒதுக்கியிருக்கிறார்கள்: பயனடைந்தனர். இத்தனை ஆயிரம் பேர் பயனடைந்தனர். அதற்கு முன்னால் அவர்கள் எதுவும் செய்யவில்லை; பின்னாலும் செய்வதாகத் தெரியவில்லை. முந்நூறு பக்க நாவலில் ஒரு பாத்திரத்துக்கு 'வாங்கிக்கொண்டான்' என்ற ஒரு வினையை மட்டும் ஆசிரியன் கொடுத்திருந்தால், அந்தப் பாத்திரத்துக்கு உயிர் வரவில்லை என்று நாலு வரியில் எழுதிவிட்டு விமர்சகன் எழுந்து போய்விடுவான்.

வேடிக்கை என்னவென்றால், நெய்வேலியின் கதை ஓர் உள்ளூர்க்காரரின் வினைகளோடுதான் ஆரம்பமாகிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு இறக்கினார், கறுப்பாக ஏதோ வெளிப்படுவதைக் கண்டார், அது என்னவென்று விசாரித்தார், சர்க்காருக்குத் தெரிவித்தார், பிறகு நிலத்தைக் கொடுத்தார். இறக்கினார், கண்டார், விசாரித்தார், தெரிவித்தார், கொடுத்தார். எவ்வளவு வினைகள் பாருங்கள்! ஒரு கதாநாயகனுக்கு இவை தாராளமாகப் போதும். நகரியத்தில் அவருக்குச் சிலையும் உண்டு. 1957-ம் வருஷம் மே மாதம் 20-ம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம் வந்தது. அங்கிருந்து கதையில் நிறுவனம் வளர்கிறது, யந்திரங்கள் வளர்கின்றன, மெகாவாட் வளர்கிறது. உள்ளூர்க்காரர்களின் வினைகள் மட்டும் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் அந்த ஒன்றில் வந்து நிற்கிறது.

சட்டத்துக்கு வருவோம். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் அமல். பெரிய கம்பெனி என்றால் முந்தைய மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 1,000 கோடி என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 20 கோடி. சில்லறைக் காசு அல்ல. இதை நிர்ணயிக்க டைரக்டர்களில் மூன்று பேருக்குக் குறையாத ஒரு கமிட்டி. என்னென்ன காரியங்கள் செய்யலாம் என்று ஏழாவது அட்டவணை ஒரு ஜாபிதா தருகிறது: பசி, சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல், கிராம வளர்ச்சி, இன்னும் பல. இத்தனையும் சொல்லி முடித்த பிறகு, நாடகத்தின் கடைசிக் காட்சியில் ஓரமாக வந்து நிற்கும் சேவகனைப் போல ஒரு வாசகம் வருகிறது. கம்பெனி தான் தொழில் நடத்துகிற பகுதிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை கொடுக்க வேண்டுமாம்.

உள்ளூர் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் கிடைத்த இடம் அவ்வளவுதான். அந்த இடமும் நிலைக்கவில்லை. 2021 ஆகஸ்டில் மத்திய சர்க்காரின் கம்பெனி விவகார அமைச்சகம் கேள்வி பதில் வடிவில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டு, இந்த முன்னுரிமை வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லை என்று விளக்கிவிட்டது. இது ஒரு புறம் இருக்கட்டும். முன்னுரிமையைக் கட்டாயமாக்கினாலும், பணம் உள்ளூரில் செலவாக வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். எதில் செலவாக வேண்டும் என்று உள்ளூர்க்காரனைக் கேட்க வேண்டும் என்ற அர்த்தம் அதில் எந்த மூலையிலும் இல்லை. வேற்றுமை உருபு ஒன்று மாறுகிறது: 'உள்ளூரில்' என்று எழுதியிருக்கிறார்கள், 'உள்ளூரால்' என்று எழுதவில்லை. ஏழாம் வேற்றுமைக்கும் மூன்றாம் வேற்றுமைக்கும் உள்ள தூரத்தைப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த தமிழய்யா இவ்வளவு தெளிவாக விளக்கவில்லை.

2021-ல் விதிகளைத் திருத்தியபோது அறிக்கைப் படிவத்தையும் திருத்தினார்கள். அதில் ஒரு கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. 'உள்ளூர்ப் பகுதியா? ஆம் அல்லது இல்லை.' ஒரு ஊரின் வாழ்வும் தாழ்வும், சண்டையும் சமாதானமும், யாருடைய வயல் போயிற்று, யாருடைய கிணறு வற்றிற்று என்பதெல்லாம் அந்த 'ஆம்' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கம். திட்டத்தின் பெயர், மாநிலம், ஜில்லா, தொகை, யார் மூலமாகச் செய்தது, அந்த ஏஜென்ஸியின் பதிவு எண் எல்லாவற்றுக்கும் அந்தப் படிவத்தில் கட்டம் இருந்தது. 'இதைக் கேட்டது யார்?' என்பதற்குக் கட்டம் இல்லை. பெரிய திட்டங்களுக்கு முடிந்த பிறகு வெளியார் ஒருவரைக் கொண்டு பலன் மதிப்பீடு செய்ய வேண்டும் என்று அதே திருத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். வருஷத்துக்கு 10 கோடியும் அதற்கு மேலும் செலவிடக் கடமைப்பட்ட கம்பெனிகள், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களில். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் எனக்கு என் தொழில்தான் ஞாபகத்துக்கு வருகிறது. புத்தகம் அச்சாகி, தைத்து, அட்டை போட்டுக் கடைக்குப் போன பிறகு, 'மூன்றாவது அத்தியாயம் எப்படி இருந்தால் உமக்குப் பிடிக்கும்?' என்று மதிப்புரைக்காரரைக் கேட்பது போல.

கேட்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் பக்கத்து உதாரணம் ஒன்று உண்டு. எங்கள் ஊருக்கு ஒரு ஆலைக்காரர் பயணியர் நிழற்குடை கட்டிக்கொடுத்தார். சலவைக்கல் பதித்து, பெயர் பொறித்து, நல்ல கட்டடம். ஆனால் பஸ் நிற்கிற இடத்துக்கும் அதற்கும் அரை பர்லாங்கு தூரம். நிலம் அங்கேதான் சுலபமாகக் கிடைத்ததாம். நிழற்குடையில் ஆடுகள் படுத்து அசை போடும். ஜனங்கள் புளியமரம் வெட்டுப்பட்ட இடத்தில் வெயிலில் நிற்பார்கள். பஸ் தூரத்தில் வரும்போது நிழலிலிருந்து ஓடிவந்து ஏறிவிடலாம் என்று இரண்டொருவர் பரீட்சை செய்து பார்த்தார்கள். டிரைவர் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஆலையின் கணக்கில் அன்றைக்கு எத்தனை பேர் பயனடைந்தனர் என்று எழுதியிருப்பார்களோ தெரியாது. ஆடுகளையும் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை கௌரவமாகவே இருந்திருக்கும்.

கொடுக்கிறவனைப் பார்த்து இப்படி நொட்டை சொல்லலாமா, தர்மம் செய்தால் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. தர்மம் எது என்பதற்கு நெய்வேலிக்காரர்கள் வெகு தூரம் போக வேண்டாம். பக்கத்தில் வடலூர். 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அங்கே எரிகிறது. பசி என்று வந்தவனுக்குச் சோறு. வேறு கேள்வி இல்லை. அங்கே போய் உட்கார்ந்தவன் சாம்பாரா ரசமா என்று வோட்டெடுக்கச் சொன்னால் அவனைப் பைத்தியம் என்போம். தர்மத்தின் அழகு அது. கம்பெனி கொடுப்பது அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. சட்டம் எடுத்து வைக்கச் சொன்ன பணம் அது. அதிலும் நெய்வேலியில், எந்த மண்ணுக்கடியிலிருந்து லாபம் வந்ததோ அந்த மண்ணில் இருந்தவர்களை எழுப்பி அனுப்பிவிட்டுச் சம்பாதித்த பணம். 'பொறுப்பு' என்று பெயர் வைத்தவர்கள் அறிந்தோ அறியாமலோ சரியாகத்தான் வைத்தார்கள். பொறை, பொறுமை, பொறுப்பு எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. தன்னை வெட்டுகிறவனையே தாங்கி நிற்கும் நிலத்தைப் பொறுமைக்கு உதாரணமாக வள்ளுவர் காட்டினார். திறந்தவெளிச் சுரங்கத்தை அவர் பார்த்ததில்லை. அங்கே தாங்குவதற்கு நிலமே மிஞ்சுவதில்லை. மேல்மண்ணைச் சீவி ஒரு பக்கம் மலையாகக் குவித்துவிட்டு, அடியில் உள்ள கரியை எடுக்கிறார்கள். கரிக்கும் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டிருந்தால்தான் சுரங்கத்தின் தரை தரையாக இருக்கும். அப்படி இறைக்கும் நீரில் ஒரு பங்கு பாசனத்துக்கும் போகிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

2023 ஜூலைக் கடைசியில் வளையமாதேவிப் பக்கம் நடந்ததைப் பத்திரிகை படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எப்போதோ கையகப்படுத்திய நிலம். ஆனால் அதில் நெல் பச்சையாக நின்றது. பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டுவதற்காக யந்திரங்கள் பயிரின்மேல் இறங்கின. ஊரெங்கும் கொந்தளிப்பு, வழக்கு, சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலம் யாருடையது என்ற வாதத்தில் சட்டம் தெரிந்தவர்கள் இரண்டு பக்கமும் பேசுவார்கள். எனக்கு அதில் புலப்பட்டது வேறு. அந்த ஊர்களில் சமூகப் பொறுப்புப் பணத்தில் நடந்த எந்த வேலையும் அன்றைக்கு யார் மனசிலும் ஒரு சொல்லாகக் கூட எழவில்லை. நீங்களே கேட்டுச் செய்துகொண்ட காரியம் என்றால் அது உங்களுடையதாக நினைவில் இருக்கும். யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது கோபம் வந்தால் முதலில் மறந்துபோகும்.

உள்ளூர்க்காரர்களைக் கேட்பது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். யார் உள்ளூர்க்காரர்? நெய்வேலியில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். நகரியத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும்: நூல் பிடித்தாற்போல் சாலைகள், வரிசையாக மரங்கள், வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ். 'எந்த வட்டம்?' என்பதுதான் அங்கே விலாசம் கேட்கிற முறை. புத்தகக் கண்காட்சிக்கு என்று நானும் போயிருக்கிறேன். இவ்வளவு நிழலான ஊர் தமிழ்நாட்டில் குறைவு. 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை. ஆனால் அத்தனை பேருக்கும் தேர்ந்தெடுத்த நகராட்சி இல்லை. தெருவிளக்கும் குழாயும் கம்பெனியின் நகர நிர்வாகத்தைச் சேர்ந்தவை. எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் வோட்டுப் போடுகிறவர்கள், தங்கள் தெருவுக்கென்று ஒரு கவுன்சிலரைக் கண்டதில்லை. உத்தியோகம் உள்ளவரை வீடு; ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டியதுதான். முப்பத்தைந்து வருஷம் குடியிருந்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, முற்றத்தில் பலா வைத்து, அதன் பழத்தையும் தின்றவர்கள் அவர்கள். அவர்கள் உள்ளூர்க்காரரா?

வேலிக்கு வெளியே இன்னொரு நெய்வேலி. நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறிடத்தில் மனை வாங்கிக்கொண்டவர்கள். கொடுக்க நிலமே இல்லாமல் அந்த நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். இன்னும் கொடுக்காமல், எப்போது கேட்பார்களோ என்று காத்திருப்பவர்கள். ஒப்பந்தத் தொழிலாளியாக உள்ளே வேலைக்குப் போய் மாலையில் வெளியே வருபவர்கள். இவர்களுக்கு ஊராட்சி உண்டு, கிராம சபை உண்டு. வேலிக்கு உள்ளே உள்ளவர்களுக்கு வசதி உண்டு, சபை இல்லை. வெளியே உள்ளவர்களுக்குச் சபை உண்டு. அந்தச் சபையின் தீர்மானம் கம்பெனியின் கமிட்டி அறைவரை போய்ச் சேருவதற்குச் சாலை இல்லை. கூலிக்குப் போனவர்களைத்தான் நான் முதலில் கேட்பேன். நிலம் கொடுத்தவருக்குப் பத்திரம் இருந்தது, நஷ்ட ஈடு வந்தது, சண்டை போடச் சங்கமும் கிடைத்தது. நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவளுக்கு எந்தக் காகிதத்திலும் பெயர் இல்லை. பயனடைந்தவர்களின் எண்ணிக்கையில் மட்டும் அவள் ஓர் இலக்கமாக இருக்கலாம்.

வாலாஜா ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காகத் தூர்ந்து கிடந்த ஏரி. சுரங்க மேட்டிலிருந்து ஓடையில் அடித்து வந்த மண்ணும் அதைத் தூர்த்தது என்று ஆயக்கட்டுக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். பிறகு கம்பெனியின் பணத்தில் அது தூர்வாரப்பட்டது, தண்ணீரும் நின்றது. இந்தக் கட்டில் நான் மனசாரப் பாராட்டுகிற வேலைகளில் இது ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு வர்ணம் அடிப்பதைவிட நூறு பங்கு மேலான காரியம். ஏன் மேலானது? விவசாயிகள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்த காரியம் அது என்பதால்தான் என்பேன். ஆனால் அறிக்கை நடையில் அந்தக் கேட்டுக்கொண்டே இருந்த வருஷங்கள் கிடையாது. ஏரி ஒருநாள் திடீரென்று தூர்வாரப்பட்டது, ஜனங்கள் பயனடைந்தனர். மனு எழுதியவர்கள், கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கதையிலிருந்து வெட்டப்பட்டுவிட்டார்கள். அத்துடன், மண்ணை அடித்துக்கொண்டு வந்ததில் நமக்கும் பங்கு உண்டா, அப்படியானால் இது கொடையா கடனா என்ற கேள்வியும் சேர்ந்து வெட்டுப்பட்டுப் போகிறது. நல்ல எடிட்டர் வெட்டக் கூடாத இடம் இது.

இதே ஜில்லாவில் இன்னொரு பணப்பெட்டியும் இருக்கிறது. 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, ஜில்லாதோறும் கனிம அறக்கட்டளை ஒன்று வைத்தார்கள். பழுப்பு நிலக்கரிக்கு விலை மதிப்பில் 6 சதவீதம் ராயல்டி. பழைய குத்தகை என்றால் அந்த ராயல்டித் தொகையில் 30 சதவீதத்துக்குச் சமமான பணத்தைக் கூடுதலாக அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். நூறு ரூபாய்க் கரிக்கு ஒரு ரூபாய் எண்பது காசு. கலெக்டர் தலைவர். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கம்பெனிச் சட்டக்காரர்களைவிடக் கொஞ்சம் மனுஷத்தன்மையோடு எழுதியிருக்கிறார்கள். கிராம சபை என்ற சொல் இந்தக் காகிதங்களில் உண்டு. பழங்குடிகளுக்கென்று அரசியல் சட்டம் அட்டவணைப்படுத்திய பகுதிகளில், திட்டங்களுக்குக் கிராம சபையின் சம்மதமே வேண்டும் என்கிறது 2015 செப்டம்பரில் வந்த மத்திய சர்க்காரின் திட்டம். படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷம் ஞாபகம் வந்தது, தமிழ்நாட்டில் அப்படி அட்டவணைப்படுத்திய பகுதி ஒன்றுகூட இல்லை. ஜார்க்கண்டில் மலையடிவாரத்துக் கிராமம் ஒன்று எழுந்து 'வேண்டாம்' என்று சொல்ல முடியும். அதே சுரங்கம், அதே தூசி. கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்துக்கு அந்த வார்த்தையைச் சட்டம் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னேன். ஓய்வுபெற்ற என்ஜினீயர்; தொழிற்சாலை நகரங்களிலேயே ஆயுளைக் கழித்தவர். சிரித்தார்.

"கேளுங்க ஸார், நல்லாக் கேளுங்க. ஆளுக்கொண்ணு சொல்வான். மேலத்தெருக்காரன் தன் தெருவுக்குச் சிமெண்டு ரோடு கேப்பான், கீழத்தெருவிலே குழாயே இருக்காது. கடைசியிலே கோயில் கோபுரத்துக்குப் பணம் கேப்பாங்க. கான்ட்ராக்டர் மச்சான் கையைத் தூக்குவான், அதுக்குப் பேரு தீர்மானம்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. கோபுரத்தை விட்டுவிடலாம், ஏழாவது அட்டவணை அதற்கு இடம் கொடுக்காது. மேலத்தெரு கீழத்தெரு விஷயம் அப்படித் தள்ளிவிடக் கூடியது இல்லை. ஊர் என்பது ஒரே மனசு கொண்ட ஒரு பிராணி என்று எழுதும் கிராமியக் கதைகளை நான் நம்புவதில்லை. மேடைப் பேச்சாளர்கள் இந்த இடத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் கொண்டுவருவார்கள்: ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே குடவோலை, ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று. உண்மைதான். கணக்குக் காட்டாத வாரியக்காரன் மறுபடி வரக் கூடாது, அவன் உறவினனும் வரக் கூடாது என்ற விதியை வாசிக்கும்போது எனக்கும் புல்லரிக்கும். அந்தச் சபையில் நிலமும் வேதமும் உள்ளவர்கள்தான் உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். குடத்தில் ஓலை போட ஏரியில் மண் சுமந்தவனைக் கூப்பிடவில்லை.

ஆகவே ஜனங்களைக் கேட்டால் தேன் சொரியும் என்று நான் வாதாட வரவில்லை. கேட்ட இடங்களில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்தார்கள். மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம்வரை உள்ளூர் மன்றங்களுக்கு; வார்டுதோறும் கிராம சபை கூடித் தேவைகளைச் சொல்லும். கட்சிச் சண்டை வந்தது, கணக்கில் குளறுபடி வந்தது, வசதி உள்ளவர்கள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள் என்றும் சொன்னார்கள். ஆனாலும் பணம் எங்கே போகிறது என்று சாதாரண ஜனங்கள் விவாதிக்கிற பழக்கம் அங்கே ஊன்றிவிட்டது. பிரேஸில் தேசத்துப் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989 முதல் பேட்டைவாசிகள் கூடி நகராட்சிப் பணத்தின் ஒரு பகுதியைப் பங்கிட்டார்கள். சாக்கடையும் தண்ணீரும் எட்டாத ஏழைப் பேட்டைகளுக்கு அவை எட்டின. பல வருஷம் நடந்து, பிறகு ஆட்சி மாறி அது தேய்ந்தும் போயிற்று. சண்டை எங்கேயும் வந்திருக்கிறது. கேட்காத இடத்தில் சண்டை இல்லை என்று யார் சொன்னது? ரோட்டுக்கும் குழாய்க்கும் சபையில் போட வேண்டிய சண்டையை, கேட்க ஆள் இல்லாததால், நெல் வயலில் யந்திரத்துக்கு முன்னால் போடுகிறார்கள்.

என்ஜினீயர் இன்னொன்றும் சொன்னார். "போர்டுதான் ஸார் சட்டப்படி பொறுப்பு. நாளைக்கு ஆடிட்டர் வந்து கேட்டா, ஊர்க்காரன் சொன்னான்னு எழுத முடியுமா?" முடியாதுதான். போர்டின் கையெழுத்தைப் பிடுங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வருகிற காகிதம் எங்கே எழுதப்பட்டது என்பதுதான் பேச்சு. பொதுத்துறைக் கம்பெனிகளுக்கு வந்த வழிகாட்டு நெறிகளும் ஜனங்களின் தேவையை அறிந்து செய்யத்தான் சொல்கின்றன. தேவையை அறிய ஒரு ஏஜென்ஸி வருகிறது; வீடுவீடாகத் தாளை நிரப்புகிறது; கேள்விகளை முன்கூட்டியே அச்சடித்துக்கொண்டு வருகிறது. அதில் ஜனங்கள் பதில் சொல்கிறவர்கள். கேள்வி கேட்கிறவர்களாக எப்போது ஆவார்கள்?

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஊராட்சியிலும் இந்த ஆறில் ஒரு நாளைக் கம்பெனி தனக்கென்று குறித்துக்கொள்ளலாம். இந்த வருஷம் உங்கள் ஊர்ப் பங்கு இவ்வளவு ரூபாய் என்று முதலில் தொகையைச் சொல்லிவிட வேண்டும். தொகை தெரியாமல் நடக்கிற யோசனைக் கூட்டம் குழந்தைகளைத் திருவிழாக் கடை முன்னால் நிறுத்தி ஆசை காட்டுவது போல. நிலம் இல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் தனியாக ஒரு கூட்டம், பெரிய சபைக்கு முன்பே. நகரியத்துக்குள் வட்டத்துக்கு ஒரு கூட்டம். குவார்ட்டர்ஸ்காரர்களோடு அங்கே வீட்டு வேலைக்கு வருபவர்களும் உட்காரலாம். தேர்ந்தெடுத்த தலைவரை மட்டும் கூப்பிட்டுப் பேசிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். கடலூர் ஜில்லாவில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், அந்த நாற்காலிகளில் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தலைவர் இல்லாத நாட்களிலும் ஊர் இருக்கிறது.

அந்தப் பக்கத்துப் பேச்சுக்கு ஓர் அகராதியே இருக்கிறது. விருத்தாசலத்துப் பக்கத்து எழுத்தாளர் கண்மணி குணசேகரன் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதி. மண்ணுக்கும் மழைக்கும் முந்திரிக்கும் நீர் ஓடும் வழிக்கும் சொந்தமாகச் சொற்கள் வைத்திருக்கிற ஜனங்கள் அவர்கள். நான் புரட்டிய பக்கங்களில் அப்படி ஒரு சொல்லும் என் கண்ணில் படவில்லை. 'நீராதார மேம்பாடு' என்ற தலைப்பைப் பார்த்து எந்த ஓடை, எந்த மதகு, யாருடைய வயலுக்கு மேல்கை என்று எவனும் கண்டுபிடிக்க முடியாது. சபையில் பேசியதை அவர்கள் பேசிய சொல்லிலேயே எழுதி, அதற்குப் பக்கத்தில் ஏஜென்ஸி தன் சொல்லை வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும்.

ஆண்டறிக்கையில் ஒரே ஒரு பக்கம் கூட்டச் சொல்லி எனக்கு அதிகாரம் கொடுத்தால், செய்த வேலைகளின் ஜாபிதாவைத் தொட மாட்டேன். செய்யாதவற்றின் ஜாபிதா ஒன்று சேர்ப்பேன். இன்ன ஊர் இன்ன தேதியில் இதைக் கேட்டது, கமிட்டி மறுத்தது, மறுத்த காரணம் இது. அல்லது, கமிட்டி இதைக் கொடுக்க வந்தது; ஊர் வேண்டாம் என்றது; ஊர் சொன்ன காரணம் இது. காகிதச் செலவு அதிகம் ஆகாது. அப்படி ஒரு பக்கம் எந்த வருஷத்து அறிக்கையிலாவது வந்தால் யாராவது எனக்கு ஒரு பிரதி அனுப்பிவைக்கட்டும். தபால் செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.